மகளுக்குக் கல்லூரி பார்க்கத் திருப்பதிக்கு

காலை ஆறரை மணிக்கு ஊத்துக்கோட்டையில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றோம். கவரைப்பேட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாக என் கணவர் அந்தோணியின் பைக்கில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருந்தோம். இரும்பு உருட்டாலையில் அவருக்கு எட்டு மணி ஷிப்ட். திரும்பிப் போக வேண்டிய அவசரத்திலும் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எந்த காலேஜா இருந்தாலும் பாத்துக்கினு வாங்க. ஆனா சேத்துட்டு மட்டும் வராதீங்க. வந்து பேசிக்கலாம்."

எங்கள் மகள் ஸ்டெல்லா பிளஸ் டூ முடித்திருந்தாள். வேதியியல்தான் படிப்பேன் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. சிப்காட் காற்றில் வரும் வாடையை மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் "இது இன்னா வாடை?" என்று கேட்டு வளர்ந்தவள் அவள். எங்கே படிப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை. மெட்ராஸ் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தினமும் ரயிலில் போய் வரலாம் என்பது அந்தோணியின் கட்சி. அங்கே சேருவதாக இருந்தால் மறுநாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அவளுக்கோ வெளியூரில் தங்கிப் படிக்க ஆசை. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திருப்பதியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

டிக்கெட் ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். ஆரணி ஆற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கடைப் பலகைகளில் எழுத்து வட்டவட்டமாக மாறிவிட்டது. நாகலாபுரம் மலைகள் வலப்பக்கம் கூடவே வந்தன. நான் பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். என் லைனில் பாதிப் பேர் தடாவிலிருந்தும் சூலூர்ப்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள், அதனால் எனக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. அந்தோணிக்கும் உருட்டாலைக் கூட்டாளிகளிடம் கற்ற தெலுங்கு உண்டு. ஸ்டெல்லாவுக்கு டிவியில் கேட்ட நாலு வார்த்தைதான். பிச்சாட்டூர் தாண்டும்போது அவளிடம் கறாராகச் சொன்னேன்:

"அங்க நான் வாயே தொறக்க மாட்டேன். தினமும் உன் கூட நானா வந்து பேசப் போறேன்? நீயே சமாளி."

"நீ கம்முனு இருந்தா போதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஒன்பதரைக்குத் திருப்பதி. பஸ் நிலையத்தில் மொட்டைத் தலைகளுக்குச் சமமாக முதுகுப்பை மாட்டிய பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், வகுப்புக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஷேர் ஆட்டோவில் எங்களோடு நசுங்கி உட்கார்ந்திருந்த பெண்கள் தெலுங்கில் ஆரம்பித்த பேச்சைத் தமிழில் முடித்தார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாம். அவர்களுக்கு அது இரண்டு பாஷையாகவே தெரியவில்லை.

முதலில் பார்த்தது ஒரு தனியார் கல்லூரி. வாசலிலேயே வரவேற்பு. எங்கள் பேச்சைக் கேட்டதும் உள்ளேயிருந்து தமிழ் பேசும் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் அருமையான மனிதர். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டினார், காபி கொடுத்தார்.

"நீங்க கவலையே பட வேணாம்மா. தமிழ்ப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல்ல தனி மாடி. சாப்பாடும் நம்ம ஊர் சாப்பாடு. மெட்ராஸ்ல இருக்கிற மாதிரியே இருக்கும்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இங்கேயே சேர்த்துவிடலாம் என்று வெளியே வந்ததும் சொன்னேன். ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மெட்ராஸ் மாதிரியே இருக்கறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம் வரணும்? நைனா சொன்னாப்ல ரயில்லயே போய்ட்டு வந்துடலாமே?"

அடுத்த கல்லூரிக்கு ஆட்டோவைக் கைகாட்டினேன்.

பதினொன்றரைக்கு இரண்டாவது கல்லூரி. பெண்கள் மட்டும் படிக்கிற பழைய கல்லூரி. வளாகம் முழுக்க வேப்பமரங்கள். இடம் மிச்சமிருந்தால் நேரில் வந்து சேரலாம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அலுவலக ஜன்னலில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "மீகு ஏமி அவசரம்?"

ஸ்டெல்லா பளிச்சென்று சிரித்தாள். "அவசரம்லாம் ஒன்னும் இல்ல மேடம். நிதானமா பாருங்க" என்று சொல்லிவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். அந்த அம்மாள் குழம்பிப்போய் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் அவர் கேட்டது. எனக்குச் சொல்லவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பக்கத்திலிருந்த ஒரு மாணவி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்க, ஸ்டெல்லா நடந்ததைச் சொல்ல, அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அரைகுறைத் தமிழில் அர்த்தத்தைச் சொன்னாள். ஸ்டெல்லாவின் முகம் சிவந்தது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் எழுந்து நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"மேடம், நாகு கெமிஸ்ட்ரி அவசரம்" என்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு வெடித்தது.

சிரித்த மாணவியின் பெயர் லாவண்யா, இரண்டாம் ஆண்டு வேதியியல். அவளே எங்களை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் குழாயிலிருந்து குடுவைக்குள் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஆசிரியை சுனிதா, புதுமுகத்தைப் பார்த்ததும் ஒரு குடுவையைக் காட்டித் தெலுங்கில் கேட்டார்: என்ன நிறம் வரும்?

"லைட் பிங்க்" என்றாள் ஸ்டெல்லா. அது கேள்வி புரிந்து சொன்னதோ, குடுவையைப் பார்த்துச் சொன்னதோ.

"எந்துக்கு?" ஏன் அந்த நிறம் என்றார்.

ஸ்டெல்லா ஆங்கிலத்தில் தொடங்கினாள், தடுக்கியது. தெலுங்கைத் தேடினாள், கிடைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவள் தமிழிலேயே, கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆசிட், பேஸ் ரெண்டும் சேந்தா உப்பும் தண்ணியும் வரும் மேடம். ஆசிட் தீந்துபோனப்புறம் ஒரு சொட்டு பேஸ் கூட விழுந்தாலே போதும், கலர் மாறிடும்."

"உப்பு!" என்றார்கள் இரண்டு மூன்று பெண்கள் ஒரே குரலில். உப்புக்கு இரண்டு பாஷையிலும் உப்புதான். சுனிதா மேடம் குடுவையை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்து, நீயே விடு என்று சைகை காட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திருகினாள். தண்ணீர்போல இருந்தது மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறியது. கூடமே கைதட்டியது. என் மகள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இங்கதாம்மா" என்றாள்.

வந்து பேசிக்கலாம் என்று அந்தோணி சொன்னது நினைவில் இருந்தது. போன் போட்டேன். ஷிப்டில் இருந்தார், எடுக்கவில்லை. அங்கே மிச்சம் இரண்டு இடம்தான். பிற்பகல் ஒன்றரை மணிக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து, லாவண்யா போனில் அனுப்பிய தெலுங்கு எழுத்துகளைக் கடைப் பலகைகளோடு ஒப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எங்கள் ஊரிலும் இரண்டு பாஷை உண்டு. ஆனால் கம்பெனி பஸ் வந்ததும் அந்தந்த பாஷை அந்தந்த பஸ்ஸில் ஏறிப் போய்விடும். இந்தக் கல்லூரியிலோ இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றன. இதை அந்தோணியிடம் எப்படிச் சொல்வது?

ஐந்தரைக்கு ஊத்துக்கோட்டை. அந்தோணி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா இறங்கி ஓடி, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தாள்:

"சேரிப்போயாவு நைனா!"

அவர் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். மீசை துடித்தது. அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"'நீ சேந்துட்ட'ன்னு சொல்றியே, நானா சேந்துட்டேன்? இந்த வயசுல என்னை எந்த காலேஜ்ல சேத்துப்பாங்க? 'போயானு'ன்னு சொல்லணும் பொண்ணே, 'போயானு'!"

"சேரிப்போயானு" என்றாள் ஸ்டெல்லா.

"ஹாங், அப்டி" என்று வண்டியை உதைத்தார். "குந்துங்க ரெண்டு பேரும். பெரியபாளையத்துல பிரியாணி வாங்கிக்கினு போலாம்."