வாயைக் கட்டிக் கையை எழுப்பிய தாய்

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், என் பிழைப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மனை நம்பும் உறவுகளே, அன்று நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

என் பெயர் பழனிச்சாமி. ஊர் பரமத்தி வேலூர். பத்து வருடம் லாரியில் கிளீனராக இருந்தேன். இப்போது வெளியூரில், கூட்டம் மிகுந்த ஒரு விமான நிலையத்தில் வேலை. பயணிகள் ஏறியதும் டிராக்டர் போன்ற ஒரு வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும். நான் இறக்கை முனையோடு நடக்க வேண்டும். பின்னால் வேறு விமானம் ஊர்ந்து வந்தால், என் இரண்டு விளக்குக் குச்சிகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிக்க வேண்டும். வண்டிக்காரர் நிறுத்திவிடுவார். இவ்வளவுதான் வேலை.

அன்று பின்னால் ஒரு விமானம் வந்தது. பார்த்தேன். ஆனால் கையைத் தூக்கவில்லை. லாரி பின்னால் வரும்போது நிறுத்தச் சொல்லிக் கத்துகிற மாதிரியே, "ஓல்டான்! ஓல்டான்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. காதை அடைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு என் குரலா கேட்கும்? மறுபக்க இறக்கையோடு நடந்தவர் குச்சிகளைத் தூக்கியதால் பிழைத்தோம். இரண்டு விமானம் நிறைய சனம்.

பத்து நாள் கழித்து மறுபடி தேர்வு, தேறாவிட்டால் வேலை கிடையாது என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து மாரியம்மன் முன்னால் நின்று அழுதேன். வேலையைக் காப்பாற்று என்று கேட்க மனம் வரவில்லை. "தாயே, என் வாயைக் கட்டு. கையை எழுப்பு" என்று மட்டும் கேட்டேன். பத்து நாளும் மௌன விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டேன்.

வேண்டிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. காலையும் மாலையும் இரண்டு கரும்புத் துண்டுகளோடு வாசலில் நிற்பேன். என் மனைவி செல்வி மொபெட்டை என்னை நோக்கித் தள்ளி வருவாள். கரும்பைக் குறுக்கே தூக்கினால்தான் நிற்பாள். முதல் நாளே மூன்று முறை காலில் ஏற்றிவிட்டாள்.

"ஏனுங்க, விரதம் வாய்க்குத்தானுங்க? கைக்கு என்னங்க வந்துச்சு?" என்று சிரித்தாள்.

நொண்டிக்கொண்டே திரும்பவும் நின்றேன். நான் விடுவதாக இல்லை.

தேர்வில் தேறினேன். அடுத்த வாரமே நிஜமான சோதனை வந்தது. எங்கள் விமானம் பின்னுக்கு நகர்கிறது. சாரல் மழைக்குள் திருப்பத்தில் இன்னொன்று ஊர்ந்து வருகிறது. வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. நினைப்பதற்கு முன்பே கைகள் மேலே போய்க் குறுக்காக நின்றன. வண்டி நின்றது. அந்த விமானம் உரசாமல் கடந்து போனது. அதன் சன்னலில் ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை. விமானம் முழுதாகப் போகும்வரை கையை இறக்கவே இல்லை.

"அது பழக்கத்தால் வந்தது, ஆத்தா என்ன செய்தாள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நம்பிக்கை இழந்து கிடந்தவனை எழுப்பிப் பழக வைத்ததே அவள்தான். இப்போதும் வேலைக்குப் போகும் முன் அதே வேண்டுதல்தான்.

உங்களுக்கும் மாறவே மாறாத ஒரு பழக்கம் இருக்கலாம். வெட்கப்படாமல் அதையே அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து நில்லுங்கள். முதல் நாள் காலில் அடிபடும். மறுநாளும் நில்லுங்கள். ஆத்தா வருவாள்.