முள் இறங்கும்வரை

அந்த வீட்டில் எட்டு மாதமாகக் குக்கர் விசிலடிக்கவில்லை. மனைவி அதைத் துணியில் சுற்றிப் பரணேற்றிவிட்டாள். அழைப்பு மணியின் கம்பியையும் பிடுங்கிவிட்டாள். கணவர் ஆலையில் கொதிகலன் இயக்குபவர். ஒரு முற்பகலில் நீராவிக் குழாய் சீறி வெடிக்க, அருகில் நின்ற கூட்டாளி வெந்து மாண்டார். அன்றுமுதல் எந்தச் சீற்றமோ திடீர் ஒலியோ செவியில் விழுந்தாலும், கூடத்தில் அமர்ந்திருந்தவர் மீண்டும் அந்த அறையில் நின்றார்; நாசியில் அதே நெடி, தோளில் அதே வெம்மை. மாதக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்பாவிடில் வாயிற்காவலுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

அதிர்ச்சிக்குப் பின்வரும் மனக்கோளாறு இது என்று விளக்கிய மருத்துவர், குக்கரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். நீர் மட்டும் ஊற்றி அடுப்பிலேற்றி அருகில் அமர வேண்டும். அச்சம் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அது பாதியாகும்வரை எழலாகாது.

பத்து நாள் அமர்ந்தார். மருத்துவர் தாளைப் புரட்டினார்.

“எண்பது, தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு... தினமும் இதோட நின்னுடுது. அப்புறம் என்ன செய்றீங்க?”

“அடுப்ப அணைச்சிடுறேன்.”

“ஏன்?”

“என்ன டாக்டரம்மா, இப்படிக் கேக்குறீங்க? பிரஷர் முள்ளு சிவப்புக்குப் போனா தீயை அடக்கணும். இருபத்திரண்டு வருஷமா அதுலதான சோறு தின்னேன்!”

“கொதிகலனுக்கு அது சரி. பயம் அப்படி இல்ல. நீங்க எழுந்து ஓடாம இருந்தா, அந்த முள்ளு தானா இறங்கும். இறங்கி ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?”

அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, நீரளவை இருமுறை சரிபார்த்து, மூடியின் துளையை ஊதிப் பார்த்து, தீ மூட்டி அமர்ந்தார். அடுக்களை வாயிலில் நின்ற மைத்துனன் சிரிக்க முயன்றான்.

“அத்தான், குக்கருக்கு நீங்க காவலா, உங்களுக்கு அது காவலா?”

“வாய மூடுடா” என்று தம்பியை அடக்கினாள் மனைவி.

மூடி நடுங்கிற்று. சீறல் எழுந்தது. எழுபது. கூட்டாளியின் கை சுவரைத் தேடியது கண்முன் வந்தது. தொண்ணூறு. விசில் வீடதிர ஊளையிட்டது. பென்சில் முனை ஒடிந்தது. ஒடிந்த முனையாலேயே கீறினார், தொண்ணூற்றெட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஏங்க, போதுங்க” என்று மனைவி அடுப்பின் திருகில் கை வைத்தாள்.

“தொடாத!”

அவள் கை அங்கேயே நின்றது. இரண்டாம் விசில். மூன்றாம் விசில். தொண்ணூற்றெட்டு. மீண்டும் தொண்ணூற்றெட்டு. இறங்காது என்றே நினைத்தார். ஐந்தாவதில் தோள்கள் எப்போது தளர்ந்தன என்பதை அவர் அறியவில்லை. தாளில் எண்பது என்றிருந்தது. பின்னர் அறுபத்தைந்து. சீறல் மட்டும் சற்றும் குறையவில்லை.

நாற்பத்தெட்டு என்று எழுதி, அந்த எண்ணையே நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இப்ப அணைக்கலாமா?” என்று நனைந்த குரலில் கேட்டாள் மனைவி.

“தண்ணி இன்னும் இருக்கு. ஒரு விசில் வரட்டும். இறங்குறத இன்னொரு தடவ பாக்கணும்.”