மலையிறங்கும் கதிரை

பிள்ளைகளே, பனிச்சறுக்கு மலை எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் நானும் போனேன். போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், ரூஜ் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். பெரிய மலை என்று எல்லோரும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை; ஆகவே அதன் அளவைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது.

மலையடியில் ஒரு ஊரே இருக்கிறது. ஹோட்டல்கள், கடைகள், சறுக்குப் பலகையும் சப்பாத்தும் வாடகைக்குக் கொடுக்கும் மண்டபம், வெட்டவெளியில் ஆவி பறக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி. அந்தக் குளிரில் கழுத்தளவு தண்ணீருக்குள் இருந்து ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மலையில் பனி போதாவிட்டால் பீரங்கி மாதிரி ஒரு மெஷினால் பனி செய்து கொட்டுகிறார்கள். என் மனைவி அதை நெடுநேரம் பார்த்தாள்.

"நாங்கள் வாசல்ல அள்ளி அள்ளி எறியிறதை உவை கரண்ட் செலவழிச்சுச் செய்யினம்," என்றாள்.

பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மேசையைப் பிடித்து, சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியோடு இருந்தவள் பின்னேரம்வரை எழும்பவில்லை.

நாங்கள் போனதற்குக் காரணம் என் மகள். எட்டு வயது. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் உச்சியிலிருந்து தனியே சறுக்கி வந்தவர்களாம். மிச்சப் பாதியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் இருவரும் சின்னப் பிள்ளைகளின் சரிவில் பழகினோம். மத்தியானத்துக்குள் அவள் வளைந்து திரும்பவும், சறுக்கலை நிறுத்தவும் கற்றுக்கொண்டாள். நான் விழக் கற்றுக்கொண்டேன். இனி மேலே போகலாம் என்று பழக்கிய பெண் அவளிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.

உச்சிக்கு லிப்டில் போக வேண்டும். கம்பியில் தொங்கிக்கொண்டு போகும், ஆட்கள் குந்தியிருக்கும் நீளக் கதிரை அது. மகள் வரிசையில் நின்றபோது அங்கே வேலை செய்த பொடியன் மறித்தான். அவளுடைய உயரத்தில் உள்ள பிள்ளைகள் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் ஏறக் கூடாதாம். மகளுடைய முகம் கறுத்துவிட்டது. எனக்குச் சறுக்கத் தெரியாது என்றேன். இந்த லிப்டில் இடம் பார்க்க வருகிறவர்களும் ஏறலாம், அதே கதிரையில் திரும்பி இறங்கலாம் என்றான். ஏறினோம்.

உச்சியில் பாதைகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். பச்சை வட்டம் இலகு. நீலச் சதுரம் அதைவிடக் கடினம். கறுப்பு வைரம் போட்ட பாதையில் எனக்குத் தெரிந்தவர் எவரும் போகக் கூடாது. மகள் பச்சையில் போனாள். நான் கதிரையில் இறங்கினேன்.

மலையைச் சரியாகப் பார்க்க விரும்பினால் இறங்கும் கதிரைதான் நல்லது. உறைந்த ஏரி, ஹோட்டல் கூரைகள், கார்கள், பனி கக்கும் மெஷின்கள் எல்லாம் முன்னால் விரிந்து கிடந்தன. ஏறி வருகிறவர்களுக்கு நான் முன்னால் தெரிந்தேன். இறங்கும் பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. எதிரே எங்கள் தமிழ் ஆட்கள் வந்த கதிரையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அண்ணை, இறங்க மறந்திட்டியளோ?"

"இல்லைத் தம்பி, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்," என்றேன்.

அப்போதுதான் கீழே வளைவில் மகளுடைய மஞ்சள் ஜாக்கெட் பனியில் கிடப்பதைக் கண்டேன். கதிரையிலிருந்து குதிக்க முடியாது. கத்தினேன். கையை ஊண்டி எழும்பச் சொல்லிக் கத்தினேன். மலையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சறுக்கி வந்த ஒரு மனிதர் நின்று அவளைத் தூக்கிவிட்டார்.

நான் கீழே வந்து சேர்ந்தபோது அவள் காத்து நின்றாள்.

"அப்பா, யூ கான்ட் டூ தட். எல்லாரும் பாத்தவை."

"விழுந்தனீங்கள் எல்லோ?"

"ஓம், விழுந்தனான். நானே எழும்பியிருப்பன். நீங்கள் கத்தினபடியாத்தான் அந்த அங்கிள் வந்து தூக்கினவர். தூக்கினா அது தனிய வந்ததில்லை."

லிப்ட் நிற்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருக்காப் போவோம், ஆனால் நான் கத்தமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். அது பெரிய வாக்கு என்பது கதிரை திரும்பவும் கீழே புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

அதே வளைவில் விழுந்தாள். இந்தமுறை ஒரு பலகையும் கழன்று சறுக்கிப் போனது. நான் கதிரையின் குறுக்குத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகள் கையை அசைத்து அவரைப் போகச் சொன்னாள். பிறகு நான் இருந்த கதிரையைப் பார்த்தாள். நான் மரங்களைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கிறபோது அவள் பலகையை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தாள். கழுத்து திரும்புகிற அளவுக்குத் திரும்பினேன். கதிரை கடந்துவிட்டது.

கீழே வேலியோரம் நின்றேன். நெடுநேரம் கழித்து மஞ்சள் ஜாக்கெட் வந்தது. முதுகு முழுக்கப் பனி. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கத்தேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை."

பலகையைக் கழற்றுவதற்காக என் கையைப் பிடித்தாள். கழற்றி முடிந்ததும் விட்டுவிட்டாள்.