பைலாவுக்கு நைலோன் கம்பி

தறப்பாள் வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் தறப்பாள் கட்டி மறைத்த கொட்டிலில் இருந்தவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. எனக்கு அந்த மணம் வந்தால் கிற்றார் ஞாபகம்தான் வரும்...

கல்யாண வீடுகளில் எல்லோரையும் ஆட வைக்கிற பைலாப் பாட்டு வாசிக்கும் எங்கள் பேண்டின் சாமான் எல்லாம் கடலோடு போயிருந்தது. நிவாரணப் பொதிகளோடு எங்கிருந்தோ ஒரு கிற்றார் வந்தது. நைலோன் கம்பி போட்ட, கிளாசிக்கல் வாசிக்கிற வகை. ஒருவரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.

அப்போது எனக்கும் மெற்றில்டாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விருந்து கொட்டிலிலேயே. பக்கத்துக் கொட்டிலில் யோசப் மாமா. மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு யாரோடும் பேசாமல் இருந்தார்.

மெற்றில்டா ஒரே போடாகப் போட்டாள். "பைலா இல்லாம எனக்குக் கலியாணம் வேணாம். ஆனா மாமாட மனசு நோகவும் கூடாது. என்ன செய்வீங்களோ தெரியா."

எனக்கோ நைலோன் சத்தம் பிடிக்கவே இல்லை. பைலா என்றால் கம்பி கணீரென்று பேச வேண்டாமா? அவளுக்குத் தெரியாமல் டவுனில் இரும்புக் கம்பி வாங்கி, மாட்டி, முறுக்கி, சுருதி சேர்த்து வைத்தேன். மறுநாள் பார்த்தால்... கம்பிகளைப் பிடித்திருந்த பிரிட்ஜ் அப்படியே பிய்ந்து நிற்கிறது! இரும்பின் இழுவையை அந்த வகைக் கிற்றார் தாங்காதாம். பேண்டில் பத்து வருடம் வாசித்த மனிதனுக்கு இது தெரியவில்லை. வெட்கக்கேடு.

"இப்ப சந்தோசமா? இருந்ததும் போச்சு" என்றாள்.

கொட்டில் கட்ட மரவேலைக்கு வந்த ஓடாவியார் பசை போட்டு ஒட்டி, மேலே கல் ஏற்றி வைத்தார். பழைய நைலோன் கம்பியே திரும்ப ஏறியது.

மாதா கோயிலில் தாலி கட்டி வந்து உட்கார்ந்தோம். விரலால் மெதுவாகப் பைலா வாசித்தேன். தாளம் அப்படியே இருந்தது, அதட்டல் மட்டும் இல்லை. மெற்றில்டாவின் கால் தன்பாட்டில் ஆடியது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அப்போதுதான் தறப்பாளுக்கு அந்தப் பக்கமிருந்து யோசப் மாமாவின் குரல் வந்தது.

"மனே... ஒண்டும் கேக்குதில்ல. கொஞ்சம் உரத்து வாசி மனே."

இன்னும் அழுத்தி வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு அழுத்தினாலும் நைலோன் அதற்கு மேல் சத்தம் தராது.

"இவ்வளவுதான் மாமா வரும்" என்றேன்.

மாமா தன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு நாட்டில் சண்டையும் முடிந்தது, பேண்டும் திரும்ப எழும்பியது. "நைலோன் கிளாசிக்கலுக்குத்தானே, பைலாவுக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஏன் மாஸ்டர்?" என்று இளசுகள் கேட்கிறார்கள். சிரித்துவிட்டு அதிலேயே வாசிக்கிறேன்.

இப்போது மைக் இருக்கிறது, அம்ப் இருக்கிறது. வாசித்தால் வாவிக்கு அந்தக் கரையிலும் கேட்கும். நல்லதுதான்... ஆனால் கேட்பதற்காகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கிட்ட வர வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.