தறிச் சத்தத்தில் வளர்ந்த பேச்சு

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பழி முழுக்க என் தலையில்தான் விழுந்தது. பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்து முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். "தாய்க்காரி வாயத் தொறந்து பேசுனாத்தானுங்க புள்ள பேசும்" என்றார் ஒருவர். நாத்தனார் வரும்போதெல்லாம் வசம்பை உரசி அவன் நாக்கில் தடவுவார். அவன் வீறிட்டு அழுவான். இப்படி அழத் தெரிந்தவனுக்குத் தொண்டையில் என்ன கோளாறு இருக்க முடியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவன் காதைப் பரிசோதித்தார்கள். நன்றாகவே கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், தனியாகப் பாடம் எதுவும் வேண்டாம் என்றார். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் சட்டை மாட்டும்போதும், செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள் என்றார். வீட்டில் எல்லோரும் அவனோடு பேசுவீர்களா என்றும் கேட்டார்.

"பேசாமயாங்க? நாள் பூராப் பேசறமுங்க" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

எங்கள் சமையலறைக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். விடிந்ததிலிருந்து விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் நாங்கள் குரல் கொடுப்பதே இல்லை. வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அதுதான் பேச்சு என்று ஆகிவிட்டது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி அலறும்.

ஈரோடு போய் வந்த அந்த வாரத்தில் ஒரு காலை, குளிப்பாட்டும்போது சொம்பைத் தூக்கிப் பிடித்து, 'ஊத்தட்டுமா?' என்று வழக்கம்போல் வாயசைத்துக் கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தேன். அவன் என் உதட்டையே பார்த்தான். பிறகு அவன் உதடு குவிந்து விரிந்தது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே அசைவு. 'ஊத்து' என்றுதான் சொல்கிறான், குரல் இல்லாமல். வெறும் வாயை மெல்லுகிறான் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்த அசைவு அது. எத்தனை மாதமாக எங்களிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தானோ, என் பிள்ளை! நாங்கள் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் கற்றிருந்தான். அதற்குப் பரிசாக நாக்கில் வசம்பைத் தேய்த்திருக்கிறோம். எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது, என் மேலும்தான்.

பட்டறைக்குப் போய்க் கணவரின் காதோரம் கத்தினேன். "குளிப்பாட்டற நேரம், சோறூட்டற நேரம் மட்டும் தறிய நிறுத்துங்க. அவன் நம்மளாட்டமே வாயத்தான் அசைக்கறானுங்க."

அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டே வாயசைத்தார்: 'தறிய நிறுத்திட்டு எல்லாரும் பட்டினி கெடக்கறதா? பேசறப்பப் பேசுவான், உடு புள்ள.'

ஒரு பிள்ளையின் பேச்சை இதைவிட லேசாகத் தள்ளிவிட முடியாது.

மறுநாள் மதியம் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தேன். நேரே பட்டறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். எல்லாத் தறியும் நின்றது. திரும்பி வந்து மகனின் எதிரே உட்கார்ந்து, "சோறு வேணுமா சாமி?" என்றேன். என் சமையலறையில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் திகைத்துப்போய் என் வாயைப் பார்த்தான், பிறகு என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான்.

அதற்குள் கணவர் ஓடி வந்துவிட்டார். முகம் சிவந்து, கையை ஓங்கி நீட்டி, நிலைப்படியில் நின்று திட்டினார். ஒரு தறியும் ஓடவில்லை. தெருவில் போகும் சைக்கிள் மணி கேட்டது. அவரோ வாயை மட்டுந்தான் அசைத்துக்கொண்டிருந்தார். மகன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு தன் உதட்டையும் அசைத்தான்.

"சத்தமாத் திட்டுங்க" என்றேன். "உங்க பையனுக்குக் கேக்கட்டும்."