நான்கு கற்களுக்குள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள். இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான். வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் நின்றாள், சின்னவள் அவள் பாவாடையைப் பிடித்திருந்தாள். உள்ளே பாயில் அவர்களுடைய தாய். அவள் பக்கத்தில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஒரு ஆள்.

வீட்டுக்காரன் இல்லை. அவன் பேரில்தான் வீடு.

இது எங்கள் பாட்டன்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவு, பாம்பூ பக்கம். பெரிய புயல் வந்து கரும்புத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான காம்பில் இருந்த ஓலை வீடு, தகர வீடு எல்லாவற்றையும் கொண்டுபோனது. பிறகு அரசாங்கப் பணத்தில் காங்கிரீட் வீடுகள் கட்டினார்கள். இரண்டு அறை, ஒரு குழாய், தட்டைக் கூரை. விலையில் ஒரு பங்கு அரசாங்கம் போட்டது, மீதி கூலியில் பிடித்தம். அப்போது நான் கொத்தனாருக்குக் கலவை சுமந்தேன். வீடுகள் முடிந்ததும் வேலையும் முடிந்தது. சரிபார்க்கிற ஆபீசில் ஆள் கேட்டார்கள். எல்லைக் கல் எங்கெங்கே புதைத்தது என்று எனக்குத் தெரியும். அதனால் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்பு வரைதான். தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் வந்தது.

பணம் கொடுத்தாகிவிட்டது, வீடும் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வேலை. யார் பேரில் வீடோ அவன் அதில் இருக்க வேண்டும். வாடகைக்கு விடக்கூடாது. ஆபீசில் சொல்லாமல் வேறு ஆளைத் தங்க வைக்கக்கூடாது. எல்லைக் கல்லுக்குள் இன்னொரு கூரை போடக்கூடாது. நான் கதவைத் தட்டித் தலைகளை எண்ணுவேன். இன்ஸ்பெக்டர் எழுதுவார்.

இன்ஸ்பெக்டர் கிரியோல்காரர், தமிழர் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவர். கெட்டவர் இல்லை. நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்வார். போன வருஷம் இதே வீட்டின் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார். அந்தத் தாய் அதில் விறகு அடுப்பு வைத்திருந்தாள். அறைக்குள் சமைத்தால் சுவர் கறுக்கிறது, பிள்ளைகளுக்கு இருமல் வருகிறது என்றாள். அவர் கேட்கவில்லை. தகரத்தைக் கழற்றியவன் நான்.

அந்த மாதம் அதே வரிசையில் இரண்டு வீடுகள் கைமாறியிருந்தன. பேருக்கு உரியவன் சாவியை விற்றுவிட்டு மைத்துனன் வீட்டுக்குப் போய்விடுவான். வாங்கியவன் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே இருப்பான். இரண்டையும் ஆபீஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகையால் ஜன்னலில் நின்ற ஆளைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நாங்கள் எல்லாரும் தீவுப் பேச்சான கிரியோலில்தான் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்; மிஸ்யே என்றால் ஐயா, மாதாம் என்றால் அம்மா, அவை மட்டும் அப்படியே.

"நீ யாரு?"

"மச்சான்." அவன் கன்னத்தில் சோப்பு நுரை. "இவளுக்கு அண்ணன். சுயாக்கிலிருந்து வந்திருக்கேன்."

"போன வாரம் ஒரு வீட்டில் கேட்டேன், மச்சான்னான். அதுக்கு முந்தின வீட்டிலும் மச்சான். இந்த வரிசையில் மச்சான் இல்லாத ஆளே இல்லியா?"

"எனக்கே நாலு பேர் இருக்காங்க, மிஸ்யே."

பெரிய பெண் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரன் எங்கே?"

பாயிலிருந்து அவள் பதில் சொன்னாள். "காவடி எடுக்கிறார், மிஸ்யே. காப்புக் கட்டியாச்சு."

"காவடி எனக்கும் தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரன் வருஷா வருஷம் எடுக்கிறான். விரதம் இருந்துக்கிட்டு அவன் வீட்டிலதான் படுக்கிறான்."

"குழந்தை பிறந்துடுச்சே."

"அதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். குழந்தை அடுத்த மாதம் பிறக்க வேண்டியது. விரதத்தின் மூன்றாம் நாளே வந்துவிட்டது. கையில் காப்புக் கட்டியவன் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் கால் வைக்க மாட்டான். காவடி இறக்குகிற வரை வெளியேதான்.

"வெளியேன்னா எங்கே?"

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். அண்ணன் முகத்தைத் துடைத்தான்.

கோயிலில் படுத்திருக்கலாம். ஆனால் கோயில் கொட்டகையின் கூரையைப் புயல் கொண்டுபோனது, இன்னும் போடவில்லை. சாமிக்கு மட்டும்தான் மேலே மூடி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். அங்கே ஒரு விதவையும் வேலைக்குப் போகிற வயதில் ஒரு மகனும். அவள் கரும்பு வயலில் களை எடுப்பவள். வாய் அதிகம். நாங்கள் வருவதைப் பார்த்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்கே யாரு தங்குறா?"

"நானும் என் மகனும். வேற யாரு தங்குவா? என் புருஷன் செத்துப் பல வருஷமாச்சு. அவர் திரும்பி வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன்."

"கொடியில மஞ்சத் துணி காயுதே?"

"மகனுது."

மகன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். பருத்த ஆள், நாலு முழ மஞ்சள் வேட்டி அவன் இடுப்பைச் சுற்றியே வராது.

குழாயடியில் மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒரு செம்பு மட்டும் தனியாக, சுவர் மேல். அடுப்பில் பூசணிக்காய் வாசம். அந்த வீட்டில் வாரம் முழுக்கக் கருவாடு வாசம் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காவடிக்காரன் இரவில் அங்கேதான் படுக்கிறான். எனக்குத் தெரிந்தது. தட்டுகளை இன்ஸ்பெக்டரும் எண்ணினார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. அவள் ஒத்துக்கொண்டால் சொல்லாமல் ஆள் வைத்த குற்றம் அவள் மேல் வரும், அவள் வீடும் போகும். மறுத்தால் பக்கத்து வீடு போகும். அவள் மறுத்தாள். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானும் பேசாமல் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அந்தத் தாயிடம் சொன்னார். "சனிக்கிழமை மத்தியானம் என் அறிக்கை போகணும். சனிக்கிழமை காலையில வருவேன். உன் புருஷன் வீட்டுல இருக்கணும். இல்லாட்டி இதுவும் கைமாறின வீடுன்னு எழுதுவேன்."

"காவடி திங்கட்கிழமை, மிஸ்யே. செவ்வாய்க்கிழமை வாங்க. இங்கேயே இருப்பார். பிரியாணியே போடுறேன்."

"காவடி நாளை நான் வைக்கல, மாதாம். அறிக்கை நாளையும் நான் வைக்கல."

அவள் குழந்தையை மறுபக்கம் படுக்க வைத்தாள்.

சாயங்காலம் அவள் புருஷனைத் தேடிப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அறுவடை இல்லாத மாதம், தோட்டத்தில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். அவன் தனியாக ஒரு ஓரத்தில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"தெரியும்" என்றான், நான் வாயைத் திறப்பதற்குள். "மச்சான் சொன்னான்."

"சனிக்கிழமை காலையில ஒரு நிமிஷம் உள்ளே நின்னா போதும்."

"நிக்க மாட்டேன்."

"வீடு போயிடும், தம்பி."

"போகட்டும்னு நான் சொல்லலண்ணே. உள்ளே போக மாட்டேன்னு சொல்றேன்."

மண்வெட்டியை நட்டு வைத்தான். இந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை என்றான். அடுத்தது தங்க வேண்டும், அதற்காகக் காவடி எடுக்கிறேன் என்று வயிற்றில் இருக்கும்போதே வேண்டிக்கொண்டான். அது பிறந்து மூச்சு விடுகிறது. ஆணா பெண்ணா என்பதை மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

"இப்ப உள்ளே போய் நின்னா, அப்புறம் குழந்தைக்கு ஒண்ணு ஆனா, இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாரா?"

அப்படி நடக்கும் என்றோ நடக்காது என்றோ எனக்குத் தெரியாது. எனக்கு அந்த நம்பிக்கை பாதி உண்டு, பாதி இல்லை.

"எதுவரைக்கும் வரலாம் உனக்கு?" என்று கேட்டேன்.

யோசித்தான். "வாசப்படிக்கு வெளியே. முற்றம் வரைக்கும் வரலாம். அப்புறம் குளிக்கணும்."

சனிக்கிழமை நாங்கள் போனபோது அவன் முற்றத்தில் நின்றான். குளித்த ஈரம் தலையில் இருந்தது. மஞ்சள் வேட்டி, வெறுங்கால். வீட்டுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றான். மச்சான் வேலிக்கு வெளியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான், மடியில் துணி மூட்டை. பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி தெரியட்டும் என்று தங்கை உட்கார வைத்திருக்க வேண்டும்.

"உள்ளே போகச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னேன். அவன் அசையவில்லை.

"வீட்டுல இருக்கணும்னு சொன்னேன். முற்றத்துல நிக்கச் சொல்லல. ரோட்டுல போறவன் எவனும் வந்து முற்றத்துல நிக்கலாம்."

"வேட்டி கட்டி விரதத்தோடயா வந்து நிப்பான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, அவள் வேலியிலிருந்து. "எங்க வீட்டுச் சேவல்கூட வேற முற்றத்துக்குப் போகாது."

"உன்னை நான் கேட்கல, மாதாம். உன் கொடியில இன்னிக்கு மஞ்சத் துணி இல்லை, கவனிச்சேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் ஒரு முறை அவனைப் பார்த்தார். அவனும் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை. கோபமும் இல்லை. மணிக்கட்டுக் கயிற்றை மட்டும் விரலால் திருகிக்கொண்டிருந்தான்.

அப்போது தாய் பாயிலிருந்து எழுந்து வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, முகம் வெளுத்திருந்தது.

"மிஸ்யே, ஒண்ணு கேக்கணும். போன வருஷம் என் அடுப்படியைப் பிரிச்சீங்க."

"பிரிச்சோம்."

"அது வீட்டுக்குள்ளயா இருந்துச்சு?"

"பின்பக்கம் இருந்துச்சு."

"வீட்டுக்கு வெளியதானே இருக்கு, என்னத்துக்குப் பிரிக்கிறீங்கன்னு நான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? நாலு கல்லுக்குள்ள இருக்கிறதெல்லாம் வீடுதான்னு சொன்னீங்க. மழையில மூணு மாசம் நான் எங்கே சமைச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. கல்லுக்குள்ள இருந்த தகரம் வீடுன்னா, கல்லுக்குள்ள நிக்கிற என் புருஷன் வீட்டுல இல்லியா?"

மச்சான் ரோட்டோரத்தில் எழுந்து நின்றான். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், பிறகு பின்பக்கம் கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே தரையில் கரி இன்னும் போகவில்லை.

"கல் எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

ரோட்டுப் பக்கத்துக் கற்கள் இரண்டும் செம்பருத்தி வேலிக்கு அடியில் இருந்தன. புல்லைக் காலால் தள்ளிக் காட்டினேன். நான் புதைத்த கல். ஒரு கல்லில் நின்று மற்றதைப் பார்த்தார். வீட்டுக்காரன் நிற்கிற இடம் கோட்டுக்கு உள்ளே. ஒரு கை அகலத்தில் உள்ளே.

"போன வருஷம் சொன்னது சொன்னதுதான்" என்றார். கன்னத்தைச் சொறிந்தார். "நான் வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிடறதில்ல. சாப்பிட்டா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது." பிறகு என்னைப் பார்த்து, "எண்ணு" என்றார்.

"குழந்தையையுமா?"

"உயிரோட இருக்கிறதெல்லாம்."

"இன்னும் பேர் வைக்கல, மிஸ்யே" என்றாள் அவள்.

"பேர் அடுத்த தடவை. இப்ப எண்ணிக்கை போதும்."

அவள் உள்ளே போய்க் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. நிலைக்கு உள்ளேயே நின்று துணியை விலக்கிக் காட்டினாள். குழந்தை முனகியது. முற்றத்தில் நின்றவன் தோள் அசைந்தது. கழுத்து திரும்பவில்லை. ரோட்டில் கரும்பு வண்டித் தடத்தையே பார்த்தான்.

எண்ணினேன். முற்றத்தில் அவன். வாசலில் அவள். அவள் கையில் ஒன்று. அவளுக்கு இரண்டு பக்கமும் பெண் பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் பேனாவோடு காத்திருந்தார். சொன்னேன்.

ஐந்து.