கோடிட்ட இடம்

"சார், நம்ம வெள்ளையன் சாருக்கு நெஞ்சுவலின்னு ஜீப்புல ஏத்திக்கினு வந்துக்கினு இருந்தோங்க. பாதி வழியிலயே..." மலைப்பள்ளித் தலைமையாசிரியர் போனில் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் அந்தப் பள்ளியில்தான் நானும் வெள்ளையனும் ஒன்பது வருடம் தமிழாசிரியர்கள். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய எச்சப் பாடம் மறந்திருக்காது. "அம்மா களி கிண்டி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போய்த் தண்ணீர் குடிப்பார். "அப்புறம் இன்னா சார்?" என்று வகுப்பே கத்தும். "அந்த 'அப்புறம் இன்னா' இருந்தா எச்சம். கேக்க ஒண்ணுமில்லன்னா முற்று" என்பார்.

ஓர் அரையாண்டுத் தேர்வில் நான் கேட்டிருந்தேன்: 'அப்பா வேலைக்குப் போய் ______.' எல்லோரும் 'திரும்பி வந்தார்' என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் கோட்டை அப்படியே விட்டிருந்தாள். பூஜ்யம் போட்டேன். வெள்ளையன் அந்தத் தாளோடு வந்தார்.

"அவங்கப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவரு சார். ரெண்டு வருசமா சேதியே இல்ல. அந்தப் பொண்ணு இன்னான்னு முடிக்கும்? அரை மார்க்காவது போடுங்க."

"இலக்கணத்துக்கு இரக்கமெல்லாம் கிடையாது சார்" என்றேன்.

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். செய்தது தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வீம்பு விடவில்லை. அதன்பிறகு வருகைப் பதிவேட்டை நகர்த்துகிற அளவுக்குத்தான் எங்கள் பேச்சு. எனக்கு ஆலங்காயத்துக்கு மாறுதல் வந்தபோதும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிட்டேன்.

இந்தக் கோடையில் அவரே கூப்பிட்டார். "பலா பழுத்துருக்குது. நம்ம சண்டையும் இந்நேரம் பழுத்து உழுந்துருக்கும். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார்."

"வர்றேன்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நம் பக்கத்தில் கிளம்புகிறவரும் 'வர்றேன்' என்றுதான் சொல்வார். நான் சொன்னது எந்த 'வர்றேன்' என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

அவரை எடுக்கிற அன்று போனேன். வீட்டு மரத்தில் ஒரு பலாப்பழத்தை மட்டும் சாக்குச் சுற்றி விட்டிருந்தார்கள். "உங்களுக்குன்னு வெச்சிருந்தாருங்க" என்றார் அவர் மனைவி. அது அழுகியிருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். 'வெள்ளையன் சார் கூப்பிட, நான் வருகிறேன் என்று சொல்லி, ______.' எப்படி எழுதினாலும் முற்று வரவில்லை. நான் திருத்தினால் இதற்குப் பூஜ்யம். அவர் அரை மதிப்பெண் போட்டிருப்பார்.